கம்பியின்றி மின்னூட்டும் இரு சுருள்கள்

மின்சாரம் என்றதும் எமது மனக்கண்முன் முதலிலே தோன்றுவது கம்பி. வீதியோரத் தூண்களில் அது தொங்குகின்றது. சுவரினுள்ளே மறைந்து செல்கின்றது. விளக்கையும் வானொலியையும் வந்தடைகின்றது. கம்பி அறுந்தால் விளக்கு அணைந்துவிடும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். இவ்வாறிருக்க, மேசைமீது கிடக்கும் ஒரு சிறிய வட்டத் தட்டின்மேல் கைத்தொலைபேசியை வைத்தவுடன், எந்தக் கம்பியும் அதனோடு தொடுக்கப்படாமலே, உள்ளிருக்கும் பற்றரிக்கு மின்னேறத் தொடங்குவதைக் காண்போர் ஒரு கணமேனும் வியவாதிருத்தல் அரிது.

"மின்சாரம் காற்றிலே பாய்கின்றது" என்று சிலர் இதற்கு விளக்கங் கூறுவர். "அப்படியானால் இடையிலே விரலை நீட்டினால் மின்தாக்காதா?" என்று வேறு சிலர் அஞ்சுவர். இவ்விரண்டும் பொருந்தா. தட்டிலிருந்து தொலைபேசிக்குத் தாவிச் செல்வது மின்னோட்டம் அன்று. ஓர் இலத்திரனேனும் அந்த இடைவெளியைக் கடப்பதில்லை. அங்ஙனமாயின் கடந்து செல்வது யாது? அது எவ்வாறு பற்றரிக்குரிய மின்னாக மாறுகின்றது? இம்முறையால் விளையும் நன்மை எவ்வளவு, நட்டம் எவ்வளவு? இவ்வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒருங்கே பயன்தரும் என எண்ணுகின்றோம்.

பரடேயின் இரும்பு வளையம்

இக்கதை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆம் திகதி, இலண்டன் மாநகரிலே மைக்கல் பரடே என்னும் விஞ்ஞானி ஒரு பரிசோதனையை நடத்தினார். கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகங் கட்டும் தொழில் பயிலச் சென்று, கட்டுவதற்கென வந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானத்தில் வேட்கை கொண்டவர் அவர். மெல்லிரும்பாலான ஒரு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பாதியிலே ஒரு கம்பிச் சுருளையும் மறு பாதியிலே வேறொரு கம்பிச் சுருளையும் அவர் சுற்றினார். இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு யாதுமில்லை. முதற் சுருளைப் பற்றரியோடு இணைப்பதற்கு ஒழுங்கு செய்தார். இரண்டாஞ் சுருளின் கம்பிக்கருகே ஒரு காந்த ஊசியை வைத்தார்.

முதற் சுருளிலே ஓட்டந் தொடங்கிய கணத்தில் ஊசி அசைந்தது. ஆனால், ஓட்டம் தொடர்ந்து ஒரே சீராகப் பாய்ந்துகொண்டிருக்கையில் ஊசி தன் பழைய நிலைக்கு மீண்டு அசையாது நின்றது. ஓட்டத்தை நிறுத்திய கணத்தில் அது மீண்டும் அசைந்தது. இம்முறை எதிர்த் திசையில். இந்தச் சின்னஞ்சிறு அசைவிலேயே பின்னாளைய மின்னுற்பத்தி நிலையங்களும், நிலைமாற்றிகளும், இன்றைய கம்பியில்லா மின்னேற்றியும் கருவாக அடங்கியிருந்தன எனலாம். அமெரிக்காவிலே யோசப் ஹென்றி என்பாரும் ஏறக்குறைய இதே காலத்தில் இவ்வுண்மையைத் தனித்துக் கண்டறிந்தார்.

ஊசி உணர்த்திய பாடம் இதுதான்: காந்தப் புலம் இருப்பதனால் மட்டும் மின் பிறப்பதில்லை, அப்புலம் மாறும்போதே மின் பிறக்கின்றது. பௌதிக வகுப்பிலே மாணவரிடம் நாம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: "நிலைமாற்றியின் முதற் சுருளுக்குப் பற்றரியின் நேரோட்டத்தைக் கொடுத்தால் மறு சுருளில் எவ்வளவு மின் கிடைக்கும்?" கணக்குப் போடத் தொடங்குவோர் பலர். "தொடக்கத்திலும் முடிவிலுமன்றி இடையில் ஒன்றுங் கிடைக்காது" என்று விடை கூறுபவரே பரடேயின் ஊசியைப் புரிந்துகொண்டவர். ஆகவே, இடைவிடாது மின்னைப் பெறவேண்டுமாயின், முதற் சுருளின் ஓட்டம் இடைவிடாது முன்னும் பின்னும் மாறிக்கொண்டேயிருத்தல் வேண்டும். அத்தகைய ஓட்டத்தையே ஆடலோட்டம் என்கின்றோம்.

மேசைமீதுள்ள தட்டினுள்ளே இருப்பது முதற் சுருள். கைத்தொலைபேசியின் முதுகுப் பக்கத்தே ஒளிந்திருப்பது இரண்டாஞ் சுருள். இவற்றுக்கிடையே கடந்து செல்வது மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம். அது கண்ணாடியையும் பிளாஸ்ரிக்கையும் எமது விரலையும் தங்குதடையின்றி ஊடுருவ வல்லது. விரலிலே மின்தாக்காமைக்குக் காரணமும் அதுவே.

இடைவெளி என்னும் இடர்

இவ்வளவுதான் இரகசியமெனின், பரடேயின் காலத்திலேயே கம்பிகளுக்கு விடை கொடுத்திருக்கலாமே என வாசகர் கேட்கக்கூடும். இடர் எங்கேயென்றால், இடைவெளியிலேதான். மின்கம்பத்தில் நாம் காணும் நிலைமாற்றியிலே இரு சுருள்களும் ஒரே இரும்பு அகணியின்மேல் சுற்றப்பட்டிருக்கின்றன. முதற் சுருள் எழுப்பும் காந்தக் கோடுகள் ஏறக்குறைய யாவும் அந்த இரும்பினூடாகவே சென்று மறு சுருளையும் கடக்கின்றன. இரும்பை அகற்றிவிட்டுச் சுருள்களைப் பிரித்துவைத்தால், கோடுகளிற் பல வழிதவறி வீணே திரும்பிவிடுகின்றன. சுருள்களின் அகலத்தோடு ஒப்பிடுகையில் இடைவெளி பெருகப் பெருக, சேருமிடஞ் சேரும் கோடுகள் விரைந்து அருகுகின்றன. ஒரு சுருளிலிருந்து வெகுவாக விலகிய பின்னர், தூரத்தை இரு மடங்காக்கினால் அதன் காந்தப் புலம் எட்டில் ஒன்றாகக் குன்றிவிடும். சில மில்லிமீற்றர் இடைவெளியில் நன்கு தொழிற்படும் தட்டு, ஒரு முழ உயரத்தில் ஏறக்குறைய பயனற்றுப் போவதன் காரணம் இதுவே.

இவ்விடரை வெல்வதற்குப் பொறியியலாளர் மூன்று உபாயங்களைக் கையாளுகின்றனர்.

முதலாவது, வேகம். எமது இல்லங்களுக்கு வரும் 230 வோல்ற்று மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஆடுகின்றது. ஆடலின் மீடிறன் எத்தனை மடங்கு கூடுகின்றதோ, மறு சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமும் அத்தனை மடங்கு கூடும். 50 தடவைக்குப் பதிலாகச் செக்கனுக்கு ஒரு இலட்சந் தடவை ஆடச் செய்தால், அதே சுருள்களில், அதே அளவான ஓட்டத்துக்கு, 2,000 மடங்கு அழுத்தம் பிறக்கும். இடைவெளியால் இழந்ததை இவ்வாறு வேகத்தால் ஈடுசெய்யலாம்.

இரண்டாவது, பரிவு. ஒரே சுருதியிற் கூட்டிய இரு தம்புராக்களை அருகருகே வைத்து ஒன்றின் தந்தியை மீட்டினால், மற்றையதன் தந்தியும் தானே அதிரத் தொடங்கும். சுருதி பிசகியிருந்தாலோ அது வாளாவிருக்கும். மின்சுற்றுக்கும் இத்தகைய சுருதி உண்டு. சுருளோடு ஒரு கொள்ளளவியை இணைத்தால், மின்சக்தி சுருளின் காந்தப் புலத்துக்கும் கொள்ளளவியின் மின்புலத்துக்கும் இடையே ஊஞ்சல்போல் மாறிமாறி ஆடும். அந்த ஊஞ்சலின் இயல்பான மீடிறனிலேயே அதனைத் தள்ளினால், சிறிய உந்தலும் பேராட்டத்தை விளைவிக்கும்.

மூன்றாவது, காந்தக் கோடுகளுக்கு வழிகாட்டுதல். இரு சுருள்களின் புறமுதுகிலும் பெரைற்று என்னும் கரிய பொருளாலான மெல்லிய தகடு ஒன்று வைக்கப்படுகின்றது. பழைய திரான்சிற்றர் வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தோர், உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு கரிய கோலைக் கண்டிருப்பர், அதுவும் பெரைற்றே. இத்தகடு காந்தக் கோடுகளைத் தன்னூடாக வளைத்து, மறு சுருளின் பக்கம் திருப்பி அனுப்புகின்றது. தொலைபேசியின் உள்ளேயிருக்கும் பற்றரியையும் ஏனைய உலோக உறுப்புகளையும் அக்கோடுகள் தாக்கிச் சூடாக்காவண்ணம் கேடயமாகவும் நிற்கின்றது.

சுற்றின் உறுப்புகள்

இனி, சுற்றினை ஆதிமுதல் அந்தம்வரை ஒருமுறை தொடர்ந்து செல்வோம். சுவரிலுள்ள செருகியிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை ஒரு சிறிய பெட்டி முதலிலே குறைந்த அழுத்தமுள்ள நேரோட்டமாக மாற்றுகின்றது. அந்த நேரோட்டம் தட்டினுள்ளே வந்ததும், திரான்சிற்றர்களாலான ஆளிகள் அதனைச் செக்கனுக்கு ஒரு இலட்சந் தடவைக்கு மேலாகத் திறந்தும் மூடியும் திசைமாற்றியும் மீண்டும் ஆடலோட்டமாக்குகின்றன. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, அதனை மறுபடி ஆடலோட்டமாக்குவது வீண் வேலைபோலத் தோன்றலாம். 50 தடவை ஆடுவதை நேரே ஒரு இலட்சந் தடவை ஆடச் செய்தல் எளிதன்று என்பதை நினைவிற் கொண்டால், இச்சுற்றுவழியின் நியாயம் புலப்படும்.

அடுத்து வருவன கொள்ளளவியும் சுருளும். இத்தகைய தட்டுகளிற் பயன்பட்ட ஒரு சோடியை எடுத்துக்கொள்வோம். சுருளின் தூண்டுதிறன் 24 மைக்குரோ ஹென்றி. கொள்ளளவியின் அளவு 100 நனோ பரட்டு. உயர்தர வகுப்பு மாணவர் தாமறிந்த சூத்திரத்தைக் கொண்டு கணித்துப் பார்க்கலாம்: இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலங் கண்டு, அதனை இரண்டு பையினாற் பெருக்கி, ஒன்றை அத்தொகையால் வகுக்க. விடை செக்கனுக்கு ஏறத்தாழ 1,03,000 தடவை. இதுவே அச்சோடியின் சுருதி.

சுருளைச் சுற்றும் கம்பியிலும் ஒரு நுட்பம் உண்டு. இவ்வளவு வேகமாக ஆடும் ஓட்டம் கம்பியின் நடுப்பகுதியை விட்டொதுங்கி, அதன் மேற்றோலிலேயே செல்ல விரும்பும். செம்பிலே அத்தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. எனவே தடித்த ஒற்றைக் கம்பியால் பயனில்லை. ஒன்றோடொன்று தொடாதவாறு பூச்சிடப்பட்ட மிக மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கி, கயிறுபோலத் திரித்துச் சுற்றுகின்றனர்.

தொலைபேசியின் உள்ளேயுள்ள சுருள் தான் பெற்ற ஆடலோட்டத்தை அப்படியே பற்றரிக்குக் கொடுக்க இயலாது. பற்றரிக்கு வேண்டியது ஒரு திசையிற் பாயும் நேரோட்டம். ஆதலால் நான்கு இருவாயிகளைக் கொண்ட, அல்லது அவற்றின் தொழிலைச் செய்யும் திரான்சிற்றர்களைக் கொண்ட, ஒரு சீராக்கி அதனை ஒரு திசைப்படுத்துகின்றது. ஒரு கொள்ளளவி அதிலுள்ள ஏற்ற இறக்கங்களை மட்டப்படுத்துகின்றது. அதன்பின்னர் ஓர் ஒழுங்காக்கி அழுத்தத்தை நிலைநிறுத்துகின்றது.

கடைசியிலே காவலாளனாக நிற்பது மின்னேற்றக் கட்டுப்பாட்டுச் சுற்று. இக்காலத் தொலைபேசிகளிலுள்ள லிதியம் அயன் பற்றரி பெரும்பயன் தருவது. எனினும் முரட்டுக் கையாளலைப் பொறுக்காதது. (இப்பற்றரியை ஆக்கி வளர்த்த மூவர்க்கு 2019ஆம் ஆண்டிலே இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.) முதலிலே மாறாத அளவான ஓட்டத்தை அதற்கு ஊட்டவேண்டும். கலத்தின் அழுத்தம் ஏறி, வழக்கமான வகைகளிலே 4.2 வோல்ற்றை அடைந்ததும், அதற்குமேல் ஏறவிடாது அழுத்தத்தை நிறுத்தி, ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து முடிக்கவேண்டும். பசித்த குழந்தைக்கு முதலில் வேகமாகவும், வயிறு நிறைய நிறைய மெதுவாகவும் சோறூட்டும் தாயின் பக்குவம் இது.

பேசிக்கொள்ளும் சுருள்கள்

இங்கே ஒரு வினா எழுகின்றது. பற்றரிக்கு இப்போது எவ்வளவு வேண்டும் என்பது தொலைபேசிக்குத் தெரியும். தட்டுக்கு எவ்வாறு தெரியும்? அவற்றிடையே கம்பியேயில்லையே!

விடை அழகானது. சுருள்கள் தம்முள் பேசிக்கொள்கின்றன. தொலைபேசி தனது சுருளோடிணைந்த சுமையைச் சிறிது கூட்டியும் குறைத்தும் மாற்றுகின்றது. கிணற்றுக் கயிற்றின் மேல்நுனியைப் பிடித்திருப்பவன், கீழே வாளி நிறைந்ததைக் கயிற்றின் பாரத்தாலேயே உணர்வதுபோல், அம்மாற்றத்தைத் தட்டின் சுருள் உணர்ந்துகொள்கின்றது. அவ்வாறு செக்கனுக்கு 2,000 குறிகள் அனுப்பப்படுகின்றன. "இன்னுங் கொடு", "சற்றுக் குறை", "நிறைந்துவிட்டது, நிறுத்து" என்பனவே அக்குறிகளின் உட்பொருள். இன்னுங் கொடு என்றால் தட்டு தனது ஆடல் வேகத்தைப் பரிவு மீடிறனுக்கு அருகே கொணர்கின்றது. குறை என்றால் அதிலிருந்து விலகிச் செல்கின்றது. தட்டின்மேல் எதுவும் இல்லாதபோது, அது இடையிடையே ஒரு சிறு துடிப்பை மட்டும் அனுப்பி, "யாரேனும் உளரோ?" என்று கேட்டுவிட்டு, மறுமொழி வாராவிடின் ஓய்ந்துவிடுகின்றது.

ஒரு நிறுவனத்தின் தட்டும் வேறொரு நிறுவனத்தின் தொலைபேசியும் ஒரே மொழியிற் பேசவேண்டுமன்றோ? அதற்கென 2008ஆம் ஆண்டிலே பல நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. அவை வகுத்த நியமத்துக்குச் "சீ" என்று பெயரிட்டன. எமது காதுக்கு அது கடிந்துரைக்கும் சொல்லாக ஒலிப்பினும், சீன மொழியில் அது உயிராற்றலைக் குறிக்கும் சொல். 2010ஆம் ஆண்டில் வெளியான அதன் முதற் பதிப்பு 5 வாற்று வலுவுக்கு உரியது. பின்னர் அது 15 வாற்றாக உயர்ந்தது. 2023ஆம் ஆண்டில் வந்த புதிய பதிப்பு, இரு சுருள்களும் மையம் பிசகாமற் பொருந்துவதற்காகக் காந்தங்களையும் சேர்த்துக்கொண்டது. மையம் பிசகினால் காந்தக் கோடுகள் வழிதவறும் என்பதை முன்னரே கண்டோம்.

தெஸ்லாவின் கோபுரம்

சில அங்குல இடைவெளியோடு நின்றுவிடாது, நாடு முழுவதற்கும் கம்பியின்றி மின்னூட்டலாம் என்று கனவு கண்ட ஒருவரைப் பற்றியும் இங்கே கூறாதுவிடல் முறையன்று. அவர் நிக்கொலா தெஸ்லா. 1856ஆம் ஆண்டிற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறிய அம்மேதை, 1891ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாக் கல்லூரியில் அறிஞர்கள் முன்னிலையில், கம்பி தொடுக்காத கண்ணாடிக் குழாய்களை ஒளிரச் செய்து காட்டினார். 1899ஆம் ஆண்டிலே கொலராடோ ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் பெருஞ் சுருள்களை அமைத்து ஆராய்ந்தார். 1901ஆம் ஆண்டில், பெருஞ் செல்வரான ஜே. பி. மோர்கன் வழங்கிய 150,000 டொலர் முதலைக் கொண்டு, நியூயோர்க்கை அடுத்த லோங் தீவிலே உயர்ந்ததொரு கோபுரத்தை எழுப்பத் தொடங்கினார்.

கோபுரம் எழுந்தது, கனவு எழவில்லை. மோர்கன் மேலும் பணம் தர மறுத்தார். வேலை நின்றது. 1917ஆம் ஆண்டில் கோபுரம் இடித்து வீழ்த்தப்பட்டது. 1943ஆம் ஆண்டிலே நியூயோர்க் விடுதியொன்றின் அறையில் தெஸ்லா தனிமையில் உயிர் நீத்தார். பணமுடை மட்டுமே அவர் தோல்விக்குக் காரணம் என்று எழுதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எல்லாத் திசையிலும் பரந்து செல்லும் சக்தியில், தூரத்தேயுள்ள ஒரு வீடு பெறக்கூடிய பங்கு மிகச் சிறிது. செய்தி அனுப்புவதற்கு அச்சிறு பங்கு போதும். ஆகவே வானொலி வென்றது. விளக்கெரிக்க அது போதாது. ஆகவே கோபுரம் வீழ்ந்தது. இயற்கையின் கணக்கை எவராலும் மாற்றியெழுத இயலாது.

ஆயினும் தெஸ்லா நன்கறிந்திருந்த பரிவு என்னும் உபாயம் வீண்போகவில்லை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே மரின் சோல்யாச்சிச் என்பவரின் குழுவினர், ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரு சுருள்களை ஒரே சுருதியிற் கூட்டி, இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரு 60 வாற்று மின்குமிழை எரியச் செய்தனர். செலுத்திய சக்தியில் நூற்றுக்கு 40 பங்களவு மறு சுருளைச் சேர்ந்தது. வியத்தகு சாதனைதான். எனினும் எஞ்சிய 60 பங்கு எங்கே போயிற்று என்று கேட்பதும் எமது கடமையாகும்.

நட்டக் கணக்கு

இல்லத் தலைவரும் தலைவியரும் கவனிக்கவேண்டிய இடம் இது. கம்பி வழியே மின்னேற்றுகையில் வீணாவதிலும் கூடிய சக்தி, சுருள் வழியே மின்னேற்றுகையில் வெப்பமாகிப் போகின்றது. தட்டும் தொலைபேசியும் கையிற் சுடுவதே அதற்குச் சான்று. ஒரு கணக்கைப் பார்ப்போம். தொலைபேசிப் பற்றரியை நிரப்ப 15 வாற்று மணி சக்தி வேண்டுமென்றும், நூற்றுக்கு 70 பங்கே சென்றடைகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது சுவரிலிருந்து எடுக்கவேண்டியது ஏறத்தாழ 21.4 வாற்று மணி, வீணாவது 6.4. நாள்தோறும் இவ்வாறு செய்தால் ஓர் ஆண்டில் வீணாவது ஏறக்குறைய 2.3 அலகு. ஒரு குடும்பத்தின் மின்கட்டணத்தில் இது தூசு. பத்து இலட்சம் தொலைபேசிகளுக்கோ ஆண்டொன்றுக்கு 23 இலட்சம் அலகு! சிறு துளி பெருவெள்ளமாவது சேமிப்பில் மட்டுமன்று, விரயத்திலுந்தான்.

வெப்பத்தால் வேறொரு தீங்கும் உண்டு. லிதியம் அயன் பற்றரி சூட்டில் விரைந்து முதுமையடையும். தடித்த உறைகளோடு தொலைபேசியைத் தட்டில் வைப்பதும், வெயிலேறும் யன்னலருகே வைப்பதும் நன்றன்று. தட்டுக்கும் தொலைபேசிக்கும் இடையே நாணயமோ சாவியோ அகப்பட்டாலும் ஆபத்து உண்டு. மாறும் காந்தப் புலம் அவ்வுலோகத்தினுள்ளே நீர்ச்சுழிபோன்ற ஓட்டங்களை எழுப்பி அதனைக் கொதிக்கச் செய்யும். செலுத்திய வலுவுக்கும் பெற்ற வலுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, இடையே ஏதோ திருடுகின்றது என உணர்ந்து நின்றுவிடும் ஏற்பாடு நல்ல தட்டுகளில் உண்டு. தரங்குறைந்த மலிவுப் பொருள்களில் அதனை நம்பியிருத்தல் தகாது.

பெரு நிறுவனங்களுக்கும் இவ்வெப்பமும் வலுவும் எளிதில் அடங்குவதில்லை. 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம், மூன்று உபகரணங்களை விரும்பிய இடத்தில் வைத்து ஒருங்கே மின்னேற்றத்தக்க ஒரு பாயை வெளியிடப்போவதாக உலகறிய அறிவித்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில், தான் வேண்டும் தரத்தை அது எட்டாதெனக் கூறி அம்முயற்சியைக் கைவிட்டது. தரமற்றதை விற்பதிலும் விற்காது விடுவது மேல் என்பதனால், அதனை நாம் இகழ்ச்சியாகக் கொள்ளவில்லை.

கம்பி செல்லக்கூடாத இடம்

இத்தனை நட்டமும் இருக்க, இம்முறை எதற்காக வேண்டும்? மேசையிலே கம்பியைச் செருகும் சோம்பலுக்காக மட்டுமெனின், இவ்வளவு அறிவாற்றலை இதிற் செலவிடுதல் தகுமா என்றே நாமும் ஐயுறுவோம். ஆனால், கம்பி செல்லக்கூடாத இடம் ஒன்று உண்டு. அது மனித உடல்.

பலமிழந்த இதயத்துக்குத் துணையாக மார்பினுள்ளே பொருத்தப்படும் மின்விசைப் பம்பிகளை எண்ணிப் பார்ப்போம். அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு மின்னூட்டும் கம்பி, வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, நோயாளி இடுப்பிற் சுமக்கும் பற்றரியை அடைகின்றது. அத்துளை ஒருபோதும் முற்றாக மூடுவதில்லை. கிருமிகள் உட்புகும் வாசலாக அது நாள்தோறும் திறந்தே கிடக்கின்றது. அவ்வழியே புகுந்த கிருமியால் மீண்டும் மீண்டும் மருத்துவமனை செல்வோரும், உயிரிழப்போரும் உளர். நோயாளி நீராடவும் அஞ்சவேண்டியிருக்கின்றது.

இதற்கு மாற்றாக, 2001ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஒரு நோயாளிக்கு அபியோகோர் என்னும் செயற்கை இதயம் பொருத்தப்பட்டது. அதிலே தோலைத் துளைக்கும் கம்பி இல்லை. தோலுக்கடியில் ஒரு சுருள். அதற்கு நேரே தோலின்மேல் மற்றொரு சுருள். வெளியேயிருந்து வந்த சக்தி தோலைக் கடந்து உள்ளே சென்று, உள்ளிருந்த சிறு பற்றரியையும் நிரப்பியது. வெளிச் சுருளை அகற்றிவிட்டு ஏறத்தாழ அரைமணி நேரம் அவர் இருக்கலாம், குளிக்கவும் செய்யலாம். நாளெண்ணிக்கொண்டிருந்த அம்மனிதர் 151 நாள் வாழ்ந்தார். அந்த இதயம் உலகெங்கும் பரவவில்லை. உருவிற் பெரிதாயிருந்ததும் ஒரு காரணம். எனினும் உடலைத் துளைக்காமல் உயிருக்கு மின்னூட்டலாம் என்பது அன்று நிறுவப்பட்டது. பரடேயின் ஊசி அசைந்து 170 ஆண்டுகளின் பின்னர், அதே அசைவு ஒரு மனிதனின் குருதியை ஓடச் செய்தது.

இதயத்தோடு இது முடிந்துவிடவில்லை. செவிப்புலனற்ற குழந்தையின் உட்காதிலே பொருத்தப்படும் கருவிக்குச் சக்தியையும் ஒலிக்குறிகளையும் காதின் பின்னே தோலின்மேல் ஒட்டிநிற்கும் ஒரு சுருளே வழங்குகின்றது. தீராத முதுகு வலியைத் தணிக்க முள்ளந்தண்டருகே வைக்கப்படும் சில கருவிகளின் பற்றரியும் தோலினூடாகவே மின்னேற்றப்படுகின்றது. பற்றரி தீர்ந்தவுடன் மாற்றுவதற்கென மறுபடியும் சத்திரசிகிச்சை செய்யும் துன்பம் இதனாற் குறைகின்றது.

பாதையிலும் இம்முறை பரீட்சிக்கப்பட்டு வருகின்றது. 2013ஆம் ஆண்டிலே தென்கொரியாவின் குமி நகரில், வீதியின் கீழே சில இடங்களிற் சுருள்களைப் புதைத்து, 24 கிலோமீற்றர் சுற்றுவழியில் ஓடும் இரு மின்சார பஸ் வண்டிகளுக்கு ஓட்டத்திலேயே மின்னூட்டினர். வண்டியின் அடிக்கும் வீதிக்கும் இடைவெளி 17 சென்ரிமீற்றர். செலுத்திய சக்தியில் நூற்றுக்கு 85 பங்குவரை வண்டியை அடைந்தது. வழியிலேயே உணவு கிடைக்குமாயின், வண்டி பெரும் பற்றரியைச் சுமந்து திரியவேண்டியதில்லை. நிறுத்தி வைத்த மோட்டார் வண்டிகளுக்கு இவ்வாறு மின்னேற்றுவதற்கான நியமம் 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. வீதியைத் தோண்டும் செலவை எந்நாடும் எளிதில் ஏற்குமா என்பது வேறு வினா.

மாணவர்க்கு ஒரு பரிசோதனை

பரடே கண்டதைத் தாமும் காண விரும்பும் மாணவர், ஒரு தடித்த இரும்பு ஆணியின் ஒரு பாதியிலே பூச்சிட்ட மெல்லிய செம்புக் கம்பியை நூறு சுற்றும், மறு பாதியிலே வேறொரு கம்பியை நூறு சுற்றும் சுற்றுக. இரண்டாஞ் சுருளின் நுனிகளைக் கல்லூரி ஆய்வுகூடத்துக் கல்வனோமானியோடு இணைக்க. முதற் சுருளின் நுனிகளை ஒரு கைவிளக்குக் கலத்தோடு ஒரு கணம் தொட்டு எடுக்க. தொடும்போது முள் ஒரு புறமும், எடுக்கும்போது மறு புறமும் அசையும். பிறகு ஆணியை உருவிவிட்டு மீண்டும் செய்து, அசைவு எவ்வளவு குன்றுகின்றது எனக் குறித்துக்கொள்க. இடைவெளியின் இடர் இன்னதென்பது அப்போது விளங்கும். கலத்தை நெடுநேரம் தொடுத்துவையாதீர், கம்பி சுடும். சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

முடிவாக நாம் கூற விரும்புவது இதுதான். கம்பியைச் செருகக்கூடிய இடத்திலே கம்பியே சிக்கனமான வழி. அது சக்தியை வீணாக்காது. பற்றரியையும் அதிகம் சுடாது. கம்பி செல்லக்கூடாத இடத்திலே, குறிப்பாகத் தோலுக்கு அப்பால் துடிக்கும் ஓர் உறுப்பினிடத்திலே, இரு சுருள்களுக்கு இணையான துணை வேறில்லை. மேசைமேலுள்ள தட்டு ஒரு வசதி, அவ்வளவே. ஆயினும் அந்த வசதியை விரும்பி மக்கள் வாங்குவதனால், மெல்லிய சுருளும் விரைந்த ஆளியும் சிறந்த பெரைற்றும் மலிவாகின்றன. அவற்றையே நாளை மருத்துவர் கையிலெடுப்பர். தொலைபேசியைத் தட்டில் வைக்கும் இளைஞர்கள், அதனுள்ளே நிகழ்வது யாதென ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பாராயின், அவர்களுள் ஒருவரேனும் தோலைத் துளைக்காத இதயத் துணையை நிறைவாக்க முன்வரலாம். அந்த வேலை இன்னும் முடியவில்லை.